கல் அடுக்கிய தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கு,

உங்கள் பெயர் தெரியாது. முகம்கூடச் சரியாக நினைவில்லை, இரண்டு பேரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தீர்கள். போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஏழேகால் மணி இருக்கும். அரிசோனா மாநிலம், ஃபீனிக்ஸ் நகரின் சௌத் மவுண்டன் பூங்காவில் நேஷனல் என்ற மலைத்தடத்தின் கிழக்குப் பாதி. உங்கள் சைக்கிள்கள் இரண்டும் ஒரு பாலோ வெர்டே மரத்தில் சாய்ந்து கிடந்தன. நான் கீழேயிருந்து என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தேன். அப்போதுதான் அது காதில் விழுந்தது.

"இந்தத் தட்டக் கல்ல அந்தச் சந்துல செருகு மச்சி. அப்பத்தான் முன்சக்கரம் ஏறும்."

பதினேழு வருடமாக இந்த மலையில் ஓட்டுகிறேன். ஸ்பானிஷ் கேட்டிருக்கிறேன், சீனம் கேட்டிருக்கிறேன், ஒரு தடவை தெலுங்குகூடக் கேட்டிருக்கிறேன். தமிழ் அன்றைக்குத்தான் முதல் முறை. சந்தோஷத்தில் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வசனம் வந்துவிட்டது.

"பெருசு இந்த வயசுல இதுல ஓட்டுது பாரு."

"எங்கடா ஓட்டுது? தள்ளிக்கிட்டுல்ல வருது."

என்னை எந்த ஊர்க்காரன் என்று நினைத்தீர்களோ. பக்கத்தில் வந்ததும் மரியாதையாக "குட் மார்னிங் சார்" என்றீர்கள். நானும் "மார்னிங்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன். பெருசு என்றதில் வருத்தம் ஒன்றும் இல்லை, ஐம்பத்து மூன்று ஆகிறது. தள்ளிக்கொண்டு வந்ததும் நிஜம். ஆனால் அங்கேயே நின்று பேசியிருக்க வேண்டும். எனக்குச் சரியான பேச்சு எப்போதும் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகுதான் வரும். அதனால் இந்த மடல். உங்கள் இருவருக்கு மட்டும் என்றும் இல்லை. சாண்ட்லர், டெம்பி, அவாட்டுக்கி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வார இறுதியில் மலைச் சைக்கிளைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு இங்கே வரும் நம்மவர்கள் எல்லோருக்கும்தான்.

கேட்பது ஒன்றுதான். நீங்கள் கல் செருகிக்கொண்டிருந்த அந்தப் பாறைப் படியில் கல் அடுக்காதீர்கள். ஏற முடிந்தால் ஏறுங்கள். முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள்.

ஒரு கல்லுக்கு இத்தனை பெரிய கடிதமா என்று தோன்றும். ஒரு கல் இல்லை. இறங்கி வரும்போது எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.

அந்த இடத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், இதுவரை பார்க்காதவர்களும் இதை வாசிக்கக்கூடும். தடம் அங்கே ஒரு சிறு மடிப்புக்குள் வளைந்து ஏறும். வளைவு முடிகிற இடத்தில் மூன்று பாறைப் படிகள். முதல் படி முழங்கால் உயரம். இரண்டாவது அதைவிடக் குட்டை, ஆனால் இடது பக்கம் சாய்ந்திருக்கும், சக்கரம் வழுக்கும். மூன்றாவதுக்கு முன்னால் ஒரு சந்து, சரியாகச் சைக்கிள் சக்கரம் சிக்கிக்கொள்கிற அகலத்தில். நீங்கள் கல் செருகியது அதற்குள்தான். படிகளுக்கு முன்னால் தரை முழுக்கப் பொடிச் சரளை, பாறையே உதிர்ந்து ஆனது. அதில் பின்சக்கரத்துக்குப் பிடிமானம் கிடையாது. அழுத்தி மிதித்தால் சக்கரம் சும்மா சுற்றும். மெதுவாக மிதித்தால் படிக்கு முன்னாலேயே வேகம் செத்துவிடும்.

இதை ஏற எனக்கு நான்கு வருடம் ஆனது. முதல் வருடம் பார்த்தாலே பயம். இரண்டாம் வருடம் முதல் படியோடு சரி, முழங்காலில் தழும்பு மிச்சம். பிறகு ஒரு நாள், எழுபது வயதுக்காரர் ஒருவர், சஸ்பென்ஷன் எதுவும் இல்லாத பழைய இரும்புச் சைக்கிளில் வந்தார். படிக்கு நேராக வராமல் வலது ஓரத்தில், மலைப்பக்கம் உரசுகிற மாதிரி வந்தார். பெடலை முழுச்சுற்றுச் சுற்றவில்லை. கால்வாசி முன்னால், கால்வாசி பின்னால் என்று தட்டித் தட்டி, பெடல் பாறையில் இடிக்காமல், முன்சக்கரத்தை ஒரு சாண் தூக்கி வைத்து, உடம்பை முன்னால் தள்ளி, பின்சக்கரம் தானாக ஏற இடம் விட்டார். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. மேலே போய்த் திரும்பிப் பார்த்து, "சந்தைப் பார்க்காதே. பார்த்தால் அதற்குள்தான் விழுவாய்" என்றார் ஆங்கிலத்தில். அதற்கப்புறமும் எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. இப்போதும் ஐந்து தடவை வந்தால் இரண்டு தடவை ஏறுவேன். நீங்கள் பார்த்தது மற்ற மூன்றில் ஒன்று.

நான் கமுதிப் பக்கம் பிறந்தவன். சைக்கிள் கற்றது மணிக்கணக்கு வாடகை சைக்கிளில், குரங்குப் பெடல் போட்டு. பாருக்கு மேலே கால் எட்டாததால் சட்டத்துக்குள் காலை விட்டு மிதித்தோம். யாரும் எங்களுக்காகச் சைக்கிளை அறுத்துக் குட்டையாக்கவில்லை. கால் வளர்கிறவரை காத்திருந்தோம், அவ்வளவுதான். இந்தப் படியும் எனக்கு அப்படித்தான்.

சரி, கல்லுக்கு வருகிறேன்.

நீங்கள் அடுக்கிய பதினொன்றில் ஏழு கற்கள் வெளுத்த வயிற்றை மேலே காட்டிக்கொண்டு கிடந்தன. கவனித்தீர்களா? இந்த மலையில் நெடுங்காலம் அசையாமல் கிடக்கும் கல்லின் மேல்புறம் கறுப்பும் கருஞ்சிவப்புமாக மினுங்கும். எண்ணெய் தடவினது போல இருக்கும். காற்றில் வரும் தூசியிலிருக்கும் மாங்கனீசும் இரும்பும் பாறை மேல் படிந்து உருவாகும் பூச்சு அது. ஆயிரம் வருடத்துக்கு ஒரு தலைமுடியின் தடிமன்கூட வளராது. ஹோஹோகம் என்று இன்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள், ஐந்நூறு வருடங்களுக்கும் முன்னால், இந்தக் கறுப்புத் தோலைக் கொத்தி, அடியில் இருக்கும் வெளிர் நிறத்தை வரவழைத்துத்தான் சுருள்களும் ஆடுகளும் மனித உருவங்களும் வரைந்தார்கள். இந்த மலையின் பல பாறைகளில் அவை இன்னும் இருக்கின்றன. நீங்கள் ஒரு கல்லைப் புரட்டிப் போட்டால் அந்த வெளுப்பு நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அப்படியே தெரியும். நீங்கள் தூக்கியவற்றில் ஓவியம் இருந்தது என்று சொல்லவில்லை. இருந்தால் தெரிந்திருக்குமா என்றுதான் கேட்கிறேன். எனக்கே முதல் பத்து வருடம் தெரிந்திருக்காது.

அடுத்தது, அந்தக் கற்களை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பது. தடத்தின் மேல்புறம் ஒரு பாறைக் குவியல் இருக்கிறது, அங்கிருந்துதான். குழிகள் அப்படியே இருந்தன. அது சக்வாலா வீடு. தம்பி, நம்ம ஊர் உடும்புக்கும் ஓணானுக்கும் நடுவில் ஒரு பிராணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவு, தொளதொளத்த தோல், இலையும் பூவும் தின்னும் சாது. பெரும்பாலான பாலைவனத்தில் இவை வேறு நிறங்களில் இருக்கும். இந்த மலையின் ஆண் சக்வாலாக்களுக்கு மட்டும் உடம்பு கறுப்பு, வால் பளிச்சென்று ஆரஞ்சு. 'கேரட் வால்' என்கிறார்கள். ஆபத்து வந்தால் அது தூரமாக ஓடுவதில்லை, எதிர்ப்பதில்லை. பாறைச் சந்துக்குள் நுழைந்து, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, உப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடும். வெளியே இழுக்கவே முடியாது. உடும்புப் பிடி என்று நாம் சொல்வது நகத்தால் பிடிப்பது. இது நுரையீரலால் பிடிப்பது. இந்த வித்தை பலிக்க வேண்டுமானால் சந்தின் அகலம் சரியாக இருக்க வேண்டும். மேலே மூடியிருந்த தட்டைக் கல்லை எடுத்துவிட்டால் அது சந்து இல்லை, திறந்த தொட்டி. பருந்துக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி.

நீங்கள் தேடிப் பிடித்தது தட்டைக் கல்லாகத்தான். அதற்கும் தேவை அதுவேதான்.

மூன்றாவது விஷயம் உங்கள் நன்மைக்காகவே. அடுக்கிய கல் நிற்காது. ஃபீனிக்ஸில் வருடம் முழுவதும் பெய்வது ஏழு அங்குலச் சொச்சம். ஆனால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பருவமழையில், அதிலும் பெரும்பகுதி ஒன்றிரண்டு மணி நேரக் கொட்டலில் வந்து தீர்ந்துவிடும். மண் குடிக்க நேரமே இருக்காது. தடமே ஓடையாகும். அந்தச் சந்து வெறும் சந்து இல்லை, மேலிருந்து வரும் தண்ணீர் இறங்குகிற வழி. அதை அடைத்தால் தண்ணீர் பக்கவாட்டில் வழி தேடும், சரளை மண்ணைக் கரைத்துக்கொண்டு தடத்தின் வெளி விளிம்பை உடைக்கும். தடம் போடத் தெரிந்தவர்கள் பாறையைக் கடப்பாரையால் நெம்பி, பாதிக்கு மேல் மண்ணுக்குள் புதைத்து, ஒன்றோடொன்று பூட்டித்தான் வைப்பார்கள். மேலே வைத்துவிட்டுப் போவதற்குப் பெயர் கட்டுமானம் இல்லை, கண்ணி. நீங்கள் வைத்த தட்டைக் கல்லை நான் காலால் அழுத்தினேன், சீசா போல ஆடியது. மேலிருந்து இறங்கி வருகிற ஒருவன், அந்தச் சந்தைப் பதினைந்து வருடமாகத் தெரிந்தவன், அதை நம்பி முன்சக்கரத்தை வைத்தால்? ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பான்.

கல் அடுக்குவதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. இதை நீங்கள் தொடங்கவில்லை, எனக்குத் தெரியும். படிக்கு இடது பக்கம், பாலோ வெர்டே மரத்தடி வழியாக, ஒரு சுற்றுப்பாதை உருவாகியிருக்கிறது. 'சீட்டர் லைன்' என்று இங்கே சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நான்கு வருடத்துக்கு முன் ஒரு சக்கர அகலம். இப்போது ஒரு மாட்டுவண்டி போகும். நடக்கிறவர்களும் அதில்தான் போகிறார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. வழி மாதிரி தெரிந்தால் மனிதன் நடப்பான்.

உங்கள் சைக்கிள் சாய்ந்திருந்த அந்த மரத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தீர்களா? கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு குட்டிக் கள்ளி, முள் பந்து. அது சகுவாரோ. அரிசோனா என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வரும் அந்தக் கைதூக்கிய பெரிய கள்ளி. அந்த உயரம் வர அதற்குப் பத்து வருடம் பிடிக்கும். முதல் கை முளைக்க ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து வருடம். வெயிலும் குளிரும் தாங்காத பிள்ளைப் பருவத்தை அது இன்னொரு மரத்தின் நிழலில்தான் கழிக்கும். இங்கே அதற்குத் தாதி பாலோ வெர்டேதான். ஆக, மரத்தடி வழியாகச் சுற்றிப் போவது என்றால் குழந்தைகள் படுத்திருக்கும் அறை வழியாகப் போவது. போன வருடம் அந்த மரத்தடியில் மூன்று குட்டிகள் இருந்தன. இப்போது ஒன்று.

கொஞ்சம் வேறு பக்கம் போய் வருகிறேன். இந்தப் பாலைவனத்தில் எனக்கு அந்நியம் தோன்றாததற்குக் காரணம் முள். இங்கே மெஸ்கீட் என்று ஒரு மரம், நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி. எங்கள் ஊரில் அதை மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுத்தான் பல வீட்டில் அடுப்பெரிந்தது. சீமை என்றால் எந்தச் சீமை என்று சின்ன வயதில் கேட்டால் யாருக்கும் தெரியாது. இந்தச் சீமைதான், அமெரிக்கக் கண்டம். பதிலுக்கு நம் பக்கத்து நெருஞ்சி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. 'கோட்ஹெட்' என்று இவர்கள் திட்டுகிறார்களே, சைக்கிள் ட்யூபை ஓட்டை போடுகிற அந்த முள், அது அப்பட்டமான நெருஞ்சி. அதனால்தான் இங்கே யாரும் ட்யூப் போடுவதில்லை. ட்யூப்லெஸ் டயர், உள்ளே சீலன்ட் திரவம். பையில் ஒரு தலைவாரும் சீப்பு வைத்துக்கொள்ளுங்கள், சோயா (cholla) என்ற கள்ளியின் முள் துண்டு ஒட்டிக்கொண்டால் கையால் இழுக்கக் கூடாது, சீப்பால் நெம்பி எறிய வேண்டும். இதை யாரும் சொல்லாமல் நான் இரண்டு கையாலும் பிடித்து, பிறகு பல்லால் இழுத்து… வேண்டாம், அந்தக் கதை வேறு.

நீங்கள் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி ஒன்று உண்டு. புதிதாக ஓட்டுகிறவன் விழுந்து மண்டையை உடைத்துக்கொள்வதா? பாதையைக் கொஞ்சம் எளிதாக்கினால் யாருக்கு என்ன நட்டம்?

இந்த மலையில் 50 மைலுக்கு மேல் தடம் இருக்கிறது. தெற்குச் சரிவில் டெசர்ட் கிளாசிக் என்ற தடம் ஓடுகிறது, மேடும் பள்ளமுமாக, அலைபோல, குழந்தைகளோடுகூடப் போகலாம். பைமா கேன்யன் பக்கம் வண்டிப்பாதை அகலத்தில் மண் சாலையே உண்டு. பழக அங்கே இடம் தாராளம். அதே மலையில் ஜெரோனிமோ என்று ஒரு இறக்கம் இருக்கிறது, அதில் நான் இன்றுவரை முழுசாக ஓட்டியதில்லை, இனி ஓட்டப்போவதும் இல்லை. நேஷனலில் 'வாட்டர்ஃபால்' என்று ஒரு பாறை அடுக்கு உண்டு. பெயர்தான் அருவி, சொட்டுத் தண்ணீர் கிடையாது, சைக்கிள்காரர்கள்தான் அதில் கொட்டுவார்கள். அங்கே கீழே உட்கார்ந்து மற்றவர்கள் விழுவதைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. ஒரு நகரத்துக்குள், வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில், இப்படி ஒரு கடினமான தடம் எந்த ஊரில் கிடைக்கும்? எளிய தடத்தை எங்கே வேண்டுமானாலும் போடலாம். இந்தப் படியை யாராலும் போட முடியாது. இரண்டு கோடி வருடத்துக்கும் மேலாக அடியில் இருந்து, மேலெழும்பி, அரிக்கப்பட்டு வெளியே தெரிகிற பாறை அது.

பாதுகாப்பு என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, இதை யாரும் யோசிப்பதில்லை. இந்தத் தடத்தில் நாம் மட்டும் இல்லை. நடக்கிறவர்கள், குதிரைக்காரர்கள், சைக்கிள்காரர்கள் எல்லாருக்கும் ஒரே ஒற்றையடிப் பாதை. சைக்கிள் மற்ற இருவருக்கும் வழிவிட வேண்டும், நடப்பவர் குதிரைக்கு வழிவிட வேண்டும். இந்த ஏற்பாடு இத்தனை காலம் ஓடுகிறது என்றால் அதற்குக் காரணம் நம் நல்ல குணம் மட்டும் இல்லை, பாறைதான். பாறை நம்மை மெதுவாக்குகிறது. மூன்று படியையும் நிரவிவிட்டால் மேலிருந்து வருகிறவன் வளைவில் மணிக்கு இருபது மைலில் வருவான், வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டி நாயோடு வந்துகொண்டிருப்பாள். ஒரு விபத்து போதும், சைக்கிளே வேண்டாம் என்று ஊர் பேசத் தொடங்கும். கிழக்கே தெரிகிறதே சூப்பர்ஸ்டிஷன் மலை, அதன் வனாந்தரப் பகுதிக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகக்கூட முடியாது. 1964ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டத்தின் கீழ் வரும் நிலம் எதிலும் சைக்கிளுக்கு இடமில்லை. இங்கே நமக்கு இடம் இருக்கிறது. அது நிரந்தரம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

இந்த இடம் எப்படி வந்தது தெரியுமா? 1920 கணக்கெடுப்பில் ஃபீனிக்ஸ் மக்கள்தொகை 29,000. கமுதியும் சுற்றுப்பட்டுக் கிராமங்களும் சேர்ந்தால் வருகிற கூட்டம், அவ்வளவுதான். ஊரிலிருந்து பல மைல் தள்ளி, யாருக்கும் உடனடியாகத் தேவைப்படாத ஒரு மொட்டை மலை. 1924இல் அதில் 13,000 ஏக்கரை 17,000 டாலருக்கு மத்திய அரசிடமிருந்து நகரம் வாங்கியது. கூலிட்ஜ் அதிபராக இருந்த காலம். ஏக்கர் ஒன்றுக்கு ஒன்றரை டாலர்கூட ஆகவில்லை. இன்றைக்கு 16,000 ஏக்கருக்கு மேல். கிண்டி தேசியப் பூங்காவைப் போல இருபதுக்கு மேல் உள்ளே அடங்கும். ஊரின் மக்கள்தொகை 16 லட்சத்தைத் தாண்டி, மலையைச் சுற்றிப் பெரும்பாலும் நகரம் வந்துவிட்டது. 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் திண்டாடிய இளைஞர்களை அரசு முகாம் போட்டு இங்கே தங்கவைத்தது. தடங்களும் கல் மண்டபங்களும் மேலே டாபின்ஸ் லுக்அவுட் என்ற காட்சிமுனையில் நிற்கும் கல் கட்டடமும் அவர்கள் கை. இன்று நீங்கள் ஏறும் பல இடங்களில் விளிம்பு சரியாமல் நிற்பதற்கு, உங்கள் வயதுப் பையன்கள் தொண்ணூறு வருடத்துக்கு முன் அடுக்கிய கல்தான் காரணம். அதுவும் கல் அடுக்கியதுதான், ஆனால் அது இன்னும் ஆடவில்லை.

அவர்களுக்கும் முன்னால் இது ஓதம் என்ற பழங்குடி மக்களின் மலை. முஹதகி தோஆக் என்பார்கள். மலைக்குத் தெற்கே அவர்கள் நிலம் இன்னும் இருக்கிறது, மலை அவர்களுக்கு இன்னும் புனிதம்தான். மலையின் தென்மேற்கு முகட்டை வெட்டித்தான் 202 விரைவுச்சாலை போட்டார்கள். அவர்கள் எவ்வளவோ எதிர்த்தும் 2019 டிசம்பரில் திறந்துவிட்டது. வேலைக்குப் போகும் அவசரத்தில் நானும் அந்தச் சாலையில்தான் போகிறேன். போகும்போதெல்லாம் அந்த வெட்டுவாய் கண்ணில் படும். பெரிய இயந்திரம் செய்ததைச் சாலையில் போகிற எல்லோரும் பார்க்கிறார்கள், சின்னக் கை செய்வதை யாரும் பார்ப்பதில்லை.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. முதல் இரண்டு வருடம் நானும் அந்தச் சுற்றுப்பாதையில் போனவன்தான். ஒரு தடவை, இந்தப் படியில் இல்லை, வேறொரு இடத்தில், சக்கரத்தை இடிக்கிற ஒரு கல்லை நெம்பிப் புரட்டிப் பள்ளத்தில் உருட்டிவிட்டேன். உருண்டு போகிற சத்தம் கேட்கவே சுகமாக இருந்தது. அடுத்த பருவமழை முடிந்து போனபோது அந்த இடத்தில் என் முழங்கை ஆழத்துக்கு ஒரு பள்ளம். மண்ணைப் பிடித்து வைத்திருந்தது அந்தக் கல்தான் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் அந்தப் பள்ளம் இருக்கிறது. யார் செய்தது என்று மலைக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், இப்போது உங்களுக்கும்.

கொசுறாக ஒன்று, வெயில் பற்றி. நீங்கள் ஊருக்குப் புதுசு என்று நினைக்கிறேன், இரண்டு பேரிடமும் ஒற்றைத் தண்ணீர்க் குப்பிதான் இருந்தது. ராமநாதபுரத்து வெயிலைப் பார்த்தவன் என்ற திமிர் எனக்கும் இருந்தது. 2023இல் இங்கே தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை, நம் கணக்கில் 43 டிகிரிக்கு மேல். அந்த வருடம் ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிகோப்பா கவுண்டியில் மட்டும் வெயில் தொடர்பாக 645 பேர் இறந்தார்கள். நம்ம ஊரில் வேர்க்கும், வேர்ப்பது தெரியும். இங்கே வேர்வை தோலை விட்டு வருவதற்குள் காய்ந்துவிடும், உடம்பு வற்றுவதே தெரியாது. 2021 முதல் கடும் வெயில் எச்சரிக்கை நாட்களில் இதே ஊரிலுள்ள கேமல்பேக் மலைத்தடங்களைப் பகலில் மூடுகிறார்கள், பிறகு இந்த மலையிலும் சில தடங்களுக்கு அது வந்திருக்கிறது. மூடியிருந்தால் திரும்பிப் போங்கள். கோடையில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஏறி எட்டுக்குள் இறங்குங்கள். கைவசம் இருக்கும் தண்ணீரில் பாதி தீர்ந்தால் எங்கே இருந்தாலும் திரும்புங்கள். மீட்க வருகிறவர்கள் ஹெலிகாப்டரில் வந்தாலும் அவர்களும் அதே வெயிலில்தான் நிற்க வேண்டும்.

அந்தப் பதினொரு கற்களைப் பற்றி. நானே எடுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் யாரைக் கேட்டு அடுக்கினீர்கள் என்று உங்களைக் கேட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் நான் கலைப்பது சரியில்லை. சக்வாலாக் குவியலில் எந்தக் கல் எங்கே இருந்தது என்பதும் எனக்கு முழுசாகத் தெரியாது, எடுத்த உங்களுக்குத்தான் தெரியும். பூங்காக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். தடம் பராமரிக்கும் தன்னார்வலர் நாள் ஒன்று வரும்போது, அவர்கள் ஆள் முன்னிலையில், எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, சுற்றுப்பாதையின் வாயில் காய்ந்த கிளைகளைப் போட்டு மறைத்துவிட்டு வரலாம். கிளை போட்டால் போதும், வழி மாதிரி தெரியாவிட்டால் பாதிப் பேர் போகமாட்டார்கள்.

எந்தச் சனிக்கிழமையும் காலை ஆறு மணிக்கு பைமா கேன்யன் வாகன நிறுத்தத்தில், கல் மண்டபத்துக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். பழைய பச்சைச் சைக்கிள், ஹேண்டில்பாரில் சீப்பு செருகியிருக்கும். ஃபிளாஸ்கில் காப்பி இருக்கும், மூன்று பேருக்குப் போதும். தடித்த கையுறை கொண்டு வாருங்கள். கல்லைத் தூக்கும்போது உங்கள் பக்கமாகப் புரட்டாதீர்கள், எதிர்ப்பக்கம் திறக்கிற மாதிரி புரட்டுங்கள், அடியில் தேள் இருக்கும். வேலை முடிந்ததும் அந்தப் படியில் ஆளுக்கு மூன்று தடவை முயற்சி செய்யலாம். வலது ஓரம், மலைப்பக்கம் உரசுகிற மாதிரி. சந்தைப் பார்க்காதீர்கள். நான் அன்றைக்கும் தள்ளிக்கொண்டு போனால் தாராளமாகச் சிரிக்கலாம், தமிழிலேயே.

இப்படிக்கு,
பெருசு